குளியலறையில் ஒரு குன்னூர்

அந்த வீட்டில் மூடி இல்லாமல் இருந்தது என் வாய் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் மூடி உண்டு. தண்ணீர்க் குடத்துக்கு ஒரு தட்டு, தட்டின் மேல் துணி, துணி பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு செம்பு, அந்தச் செம்புக்கு ஒரு கிண்ணம். ரேடியோவுக்குப் பூப்போட்ட உறை. மிச்சத் துணியில் தையல் மெஷினுக்கும் உறை. சுவர்க்கடிகாரத்துக்குக்கூட வீட்டுக்கார அம்மா பாலிதீன் பை மாட்டியிருந்தார். அது மணி அடித்தால் ஜலதோஷம் பிடித்த ஆள் அடுத்த தெருவிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஜன்னல்கள் பகல் முழுக்கச் சாத்தியே கிடக்கும். ஆடி மாதம் கோவில்பட்டியில் இருந்து பார்த்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். காற்று கரிசலை அள்ளிக்கொண்டு வந்து நேராகச் சோற்றில்தான் கொட்டும். ஆனால் அவர் காற்று ஓய்ந்து ஐப்பசி மழை பெய்கிறபோதும் சாத்தித்தான் வைத்திருந்தார்.

வீட்டுக்காரர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாற்பதை ஒட்டிய வயது. எந்த வெயிலிலும் முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டு, கூடத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுபதுகளின் கடைசியில் அவர்கள் வீட்டு மாடி அறையில் மூன்று வருஷம் குடியிருந்தேன். குடியிருந்தேன் என்பது கௌரவத்துக்குச் சொல்வது. மாட்டிக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

மாட்டியது ஒரே ஒரு சொல்லால். அறை தேடி ஆறு வீடு ஏறி இறங்கியிருந்தேன். கல்யாணம் ஆகாதவன் என்றதும் ஆறு வீட்டிலும் சிரித்த முகத்தோடு கதவைச் சாத்தினார்கள். ஏழாவது இந்த வீடு. வீட்டுக்காரர் பருத்தி கமிஷன் கடை வைத்திருந்தார். அண்ணாச்சி என்றால் அந்தத் தெருவுக்கே அவர்தான். தராசுத் தட்டில் மூட்டை விழுகிற மாதிரி குரல்.

"எங்கன வேலை?"

"விவசாய ஆபீஸ்ல, அண்ணாச்சி."

உள்ளேயிருந்து ஒரு கதவு ஒரு சாண் திறந்தது. அந்த ஒரு சாணில் அக்காவின் முகம். "அப்பம் செடிகொடியெல்லாம் தெரியுமா தம்பி?"

நான் அந்த ஆபீஸில் டைப்பிஸ்ட். பருத்திக் காய்ப்புழுவைப் பற்றி நான்கு கார்பன் நகலோடு சுற்றறிக்கை அடித்திருக்கிறேன். புழுவையும் பார்த்ததில்லை, காயையும் பார்த்ததில்லை. பருத்திச் செடியைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மிளகாய்ச் செடியோ என்று சந்தேகம் வருகிற ஆள். ஆனால் எட்டாவது வீடு ஏறக் காலில் தெம்பு இல்லை.

"ஏதோ, தெரியும்க்கா" என்றேன்.

அக்கா கதவை முழுசாகத் திறந்தார். என்னை மாடிக்குக் கூட்டிப் போவார் என்று பார்த்தால், புறவாசல் வழியாகக் குளியலறைக்குக் கூட்டிப் போனார்.

கல்நார் கூரை, ஓரத்தில் சிமெண்டுத் தொட்டி, கைக்குட்டை அளவுக்கு ஒரு ஜன்னல். அதுவும் சாத்தியிருந்தது. நடு உத்தரத்திலிருந்து கயிற்றில் ஒரு மரக்கூடை தொங்கியது. கூடை நிறைய அடுப்புக்கரியும் செங்கல் துண்டும். அதிலிருந்து பட்டினி கிடந்த கரும்பு மாதிரி, விரல் தடிமனில், கணுக்கணுவாகப் பத்துப் பன்னிரண்டு தண்டுகள். அங்கங்கே தடித்த இலைகள். கூடைக்கு வெளியே வெள்ளை வெள்ளையாக வேர்கள் இடியாப்பம் போலத் தொங்கின.

"ஆர்கிட்" என்றார், பிறந்த வீட்டு ஆளை அறிமுகப்படுத்துகிற குரலில். "எங்க குன்னூர்ல மரத்துக்கு மரம் பூக்கும். இங்கன வந்து ஏழு வருஷம் ஆச்சு. ஒரு மொட்டு கிடையாது. என்ன காரணம் தம்பி?"

எங்கள் அதிகாரி வயலில் செய்வார் என்று கேள்விப்பட்டதை நினைவில் கொண்டுவந்து, ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். புருவத்தைச் சுருக்கினேன்.

"மண்ணு சரியில்லக்கா."

"மண்ணே போடலயே. வெறும் கரிதான்."

"அதத்தான் சொல்லுதேன்."

அக்கா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அறை கிடைத்துவிட்டது.

குளியலறையில் ஏன் செடி என்று கேட்டதற்கு, "இந்த ஊர்ல ஈரம் இருக்கிற ஒரே இடம் இதுதானே" என்றார். மறுக்க முடியவில்லை. அதனால் அந்த வீட்டில் நாங்கள் குளித்தது எங்களுக்காக அல்ல. நாங்கள் குளிப்பதால் எழும் ஆவி அதற்கு வேண்டும். அண்ணாச்சி அதிகாலை, அக்கா அதற்குப் பிறகு, நான் எட்டு மணி. மூன்று தவணை ஈரம். குளித்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு வர வேண்டும், ஆவி வீணாகக் கூடாது. ஜன்னலைத் திறப்பது தண்டனைக்குரிய குற்றம். கொதிக்கிற சித்திரையில் அந்த அறைக்குள் போய்க் குளித்துவிட்டு, உள்ளே போனபோது இருந்ததைவிட அதிகமாக வியர்த்து வெளியே வருவேன்.

அக்கா வெளியே துவைகல்லில் உட்கார்ந்து காவல் இருப்பார்.

"தம்பி, சோப்புத் தண்ணி செடியில தெறிக்காம!"

"தெறிக்கலக்கா."

"சத்தம் கேக்குதே."

"அது என் முதுகுக்கா."

மூன்று வருஷமும் நான் நின்று குளித்ததில்லை. மூலையில் குந்தி, சொம்பை மார்போடு அணைத்து, திருடிக் குளிக்கிறவன் போலக் குளித்தேன்.

எங்களுக்குக் குளிக்கக் கிணற்று உப்புத் தண்ணீர். செடிக்கோ குழாயில் ஆறு நாளைக்கு ஒரு தடவை வருகிற நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் பட்டால் வேர் கருகிவிடுமாம். சமையலுக்கு இரண்டு குடம், குடிக்க இரண்டு குடம், செடிக்கு ஒரு குடம். தெருக் குழாயடியில் இதற்குப் பேச்சு இல்லாமல் இருக்குமா? "குடிக்கிற தண்ணியப் போயிப் புல்லுருவிக்கு ஊத்துதாளே, இவ விளங்குவாளா?" என்று அக்கா காதுபடவே சொல்வார்கள். அக்கா அந்தக் குடத்தை இன்னொரு துணி போட்டு மூடி எடுத்து வருவார். ஐப்பசியில் முற்றத்தில் நான்கு கம்பு நட்டு, அண்ணாச்சியின் வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு மழைத் தண்ணீர் பிடிப்பார். மழை பிடிக்கிற அன்று அண்ணாச்சி கடைக்குச் சாயவேட்டியில் போவார். யாராவது கேட்டால், "எம் புல்லுருவி வேட்டி கட்டியிருக்கு" என்பார்.

செடியும் தன் பங்குக்குக் காலம் தவறாமல்தான் இருந்தது. பங்குனி, சித்திரையில் அடியிலிருந்து புதுக் குருத்து விடும். ஆடியில் கதவிடுக்கு வழியாகவும் வந்து படிகிற கரிசல் தூசியை அக்கா இலை இலையாக ஈரத்துணியால் துடைப்பார். புரட்டாசிக்குள் குருத்து ஒரு முழம் வளர்ந்துவிடும். மார்கழிப் பனி வந்ததும் பழைய தண்டுகளில் இலை பழுக்கும். உடனே அக்காவுக்குக் கை கால் ஓடாது. குளிர் தாக்கிவிட்டது என்று ஜன்னல் இடுக்கில் பழந்துணியைத் திணிப்பார். நனைத்த சாக்கைச் சுற்றிலும் தொங்கவிடுவார். ஒரு வேளைத் தண்ணீர் இரண்டு வேளை ஆகும். நிபுணர் என்ற முறையில் என்னையும் கேட்பார். "மூடுங்க, நல்லா மூடுங்க" என்பேன். அவர் எதைச் செய்துகொண்டிருக்கிறாரோ அதையே செய்யச் சொல்வதுதான் என் வைத்தியம்.

மாசியில் கணுக்களில் பச்சையாக ஏதோ முட்டும். அக்கா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நாளில் அது பூ இல்லை, குட்டிச் செடி என்று தெரியும். கணுவுக்குக் கணு, வேரோடு, இலையோடு, குட்டி.

"பூக்கச் சொன்னா குட்டி போடுது" என்பார் அண்ணாச்சி. "ஆட்டுக்குட்டி போட்டாலாவது கறிக்கு ஆகும்."

அக்கா சிரிப்பதில்லை. இதற்கு ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு முதல் வருஷம் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, நான் குளித்துக்கொண்டிருந்தபோது.

அக்கா முகத்துக்கு முகம் பார்த்து எதையும் சொல்கிறவர் இல்லை. நடுவில் ஒரு கதவு இருந்தால் பேசுவார். துவைகல்லில் இருந்தபடி ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம், மூன்று வாக்கியம் வரும். அவர் கதை முழுவதையும் நான் தலையில் சீயக்காயோடுதான் கேட்டேன்.

அக்காவின் அப்பா குன்னூரில் ஒரு துரை பங்களாவில் தோட்ட மேஸ்திரி. நான் குடிவருவதற்கு ஏழு வருஷத்துக்கு முன் அக்காவின் அண்ணனுக்கு அங்கே மாதா கோயிலில் கல்யாணம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அப்பா பங்களா மரத்திலிருந்து இந்தச் செடியைப் பிரித்தெடுத்து, பாசி சுற்றி, மகள் கையில் கொடுத்திருக்கிறார். "ஈரமா வச்சுக்கோம்மா" என்று ஒரே ஒரு குறிப்பு. பக்கத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற அண்ணன், கழுத்துச் சந்தனம்கூடக் காயாமல், "அத ஏம்ப்பா அங்கன அனுப்புதீக? அந்தக் கரிசல்ல நம்ம செடியும் பூக்காது, நம்ம பொண்ணும் சிரிக்காது" என்றிருக்கிறார். வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று அக்கா சொன்னார். அப்படியே இருக்கலாம். ஆனால் அண்ணாச்சி அங்கேயே, இரண்டு பக்கத்துச் சொந்தமும் நிற்க, பாதிரியார் பிரியாணி சாப்பிட்ட இலையை இன்னும் மடிக்காமல் உட்கார்ந்திருக்க, தன் கடைக்குரலில் சொல்லிவிட்டார்:

"பூக்கும். எங்க ஊர்லயே பூக்கும். அது பூத்த பொறவுதான் உங்க தங்கச்சி உங்க வாசல்ல கால் வைப்பா."

வைக்கவில்லை. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் கடிதம் மட்டும் போய்வந்தது.

என் தலையில் சீயக்காய் காய்ந்துகொண்டிருந்தது. "இதுக்குப் போயா, அக்கா?" என்றேன் உள்ளேயிருந்து.

"சொல்லிட்டாவளே தம்பி."

அண்ணாச்சியைக் கல்நெஞ்சர் என்று முடிவு கட்டி ஒரு மாதம் அவரிடம் சரியாகப் பேசாமல் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். நான் துண்டோடு புறவாசலுக்குப் போனால், குளியலறைக்குள் அண்ணாச்சி. தோள்துண்டின் நுனியை நாக்கில் நனைத்து நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இவ்வளவு சின்னதாகும் என்று எனக்குத் தெரியாது. "பூத்துத் தொலையேன்… ஒண்ணே ஒண்ணு… யாருக்கு நட்டம்…" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை உதறி, "பல்லி" என்றார். "பல்லி விரட்டுதேன்."

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் குன்னூரிலிருந்து கடிதம் வந்தது. மறுநாள் எட்டு மணிக்குக் கதவுக்கு வெளியிலிருந்து செய்தி வந்தது. அப்பாவுக்கு ஒரு கண் பார்வை போய்விட்டது. இன்னொன்றும் மங்கிக்கொண்டு வருகிறது. அந்தப் பார்வை கோடை வரைக்கும் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொன்னாராம்.

"போயிட்டு வந்துருங்கக்கா."

வெளியே துவைகல்லில் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சிகிட்ட கேளுங்க. விட மாட்டாரா?"

"விட்டுருவாவ" என்றார் அக்கா. "கேட்ட நிமிசமே விட்டுருவாவ தம்பி. பொறவு எங்க அண்ணன் முன்னால காலத்துக்கும் தல குனிஞ்சு நிப்பாவ. அதான் கேக்கல."

நான் சொம்பில் இருந்த தண்ணீரைச் சத்தம் வராமல் ஊற்றிக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்து அக்காவுக்கு வயிற்றில் கல். ஆபரேஷன் என்றார்கள். மார்கழிப் பிறப்போடு பாளையங்கோட்டைக்குப் போனார். அங்கேயே ஹாஸ்டலில் படிக்கிற அவர்களுடைய ஒரே மகனுக்கும் துணையாக இருக்கட்டும் என்று, தேறுகிறவரை அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு. அண்ணாச்சி கடைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக பஸ்ஸிலேயே குடியிருந்தார். செடி என் பொறுப்பு.

அக்கா போகும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு தாளில் எழுதினார். காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு. குடத்து மூடியைத் திறந்த உடனே மூட வேண்டும். ஜன்னல் திறக்கக் கூடாது. சாக்கு நனைந்தே இருக்க வேண்டும். தாளை மடித்து, உறைக்குள் போட்டு, ஒட்டிக் கொடுத்தார். அந்த உறையை நான் பிரிக்கவேயில்லை என்பதை இத்தனை வருஷம் கழித்து இங்கேதான் முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாளே ஜன்னலைத் திறந்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எழுந்து நின்று, கையை வீசி, பாட்டுப் பாடிக் குளித்தேன். மார்கழிக் காற்று உள்ளே வந்து உடம்பெல்லாம் சிலிர்த்தது. காவல் இல்லை, கதவுக்கு வெளியே குரல் இல்லை. நல்ல தண்ணீர்க் குடம் மூடியோடு நின்றது. நம் ஊர் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தயிர் போலத் திரியும். முகச் சவரத்துக்கு மட்டும் ஒரு டம்ளர் என்று எடுத்தேன். அப்புறம் தலைக்கு. அப்புறம் ஒரே ஒரு வெள்ளைச் சட்டைக்கு. இரண்டாம் வாரம் மழைத் தண்ணீர்ப் பானையும் தரைதட்டியது. செடியைக் கேட்டால், ஒருநாள் ஊற்றினேன். இன்னொரு நாள் ஊற்றியதாக நினைத்துக்கொண்டேன்.

இருபது நாள் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தேன். இலையெல்லாம் மஞ்சள். தொட்டேன், ஒன்று கையோடு வந்தது. பயந்து இன்னொன்றைத் தாங்கிப் பிடித்தேன், அதுவும் வந்தது. தண்டுகள் சுருங்கி வரிவரியாக, வற்றல் போட்ட கொத்தவரங்காய் மாதிரி நின்றன. நாளைக்கு அக்கா வருகிறார் என்று அண்ணாச்சி சொல்லியனுப்பியிருந்தார்.

பயந்தவன் புத்தி எங்கே போகும்? டைப்பிஸ்டின் புத்தி ஆபீஸ் மேஜைக்குப் போனது. கோந்து பாட்டிலை எடுத்து வந்தேன். உதிர்ந்ததில் பச்சை மிச்சமிருந்த இலைகளாகப் பொறுக்கி, கணுவுக்கு ஒரு பொட்டுக் கோந்து வைத்து, ஒன்பது இலைகளை ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா இறங்கி வந்து, கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் குளியலறைக்குப் போனார். நான் பின்னாலேயே. அவர் ஒரு இலையைத் தொட்டார். அது தலைகீழாக ஒட்டியிருந்தது. நுனி தண்டிலும் காம்பு வெளியிலுமாக.

"என்ன தம்பி இது?"

"புது மருந்துக்கா. ஆபீஸ்ல…"

"கோந்து வாசம் வருது."

நான் வாயை மூடினேன். அந்த வீட்டில் எனக்கு வந்த முதல் மூடி.

"நீங்க அங்க டைப்பு அடிக்கிறவருன்னு எனக்கு ரெண்டாம் மாசமே தெரியும்" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்க ஆபீஸ் பியூன் மக நம்ம தெருலதான் தைக்கப் பழகுதா."

"பின்ன ஏங்க்கா எங்கிட்ட கேட்டீங்க?"

"வேற யாருகிட்ட கேக்க?"

கீழே கிடந்த காய்ந்த சாக்கை எடுத்தார். கூடை, தண்டு, என் ஒன்பது இலை, எல்லாவற்றின் மேலும் போர்த்திக் கயிற்றால் ஒரு கட்டுக் கட்டினார். அதற்குப் பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை. துவைகல்லில் வந்து உட்காரவும் இல்லை. இரவில் எனக்கு மாடிக்கு வருகிற தோசைத் தட்டு முன்பெல்லாம் இன்னொரு தட்டால் மூடி வரும். இப்போது திறந்தபடி வந்தது. என் மேல் அவருக்கு இனி அக்கறை இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இரண்டு மாதம் அந்தச் சாக்குக்குக் கீழே குளித்தேன். யாரோ முக்காடு போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது போல இருக்கும். ஜன்னலை யாரும் சாத்தவில்லை, திறந்தே கிடந்தது. தாராளமாக நின்று குளிக்க இடமிருந்தும் நான் பழைய மூலையிலேயே குந்தினேன்.

மாசிக் கடைசியில் ஒருநாள், கண்ணில் சோப்பு. துண்டைத் தேடிக் கையை வீசினேன். கை சாக்கில் மாட்டி, கட்டு அவிழ்ந்து, சாக்கு என் தலையில் விழுந்தது. அதை எறிந்துவிட்டு, எரிகிற ஒற்றைக் கண்ணால் அண்ணாந்து பார்த்தேன்.

செத்துப்போனதென்று நினைத்த மொட்டைத் தண்டில், கணுவுக்கு இரண்டாக மொட்டு. அப்படி நான்கு தண்டுகளில். ஒன்று விரிந்தே இருந்தது. வெள்ளை இதழ், நுனியில் மட்டும் ஊதா. நடுத்தொண்டை நாவல்பழம் தின்ற வாய் போலக் கறுத்திருந்தது.

"அக்கா!"

"என்ன தம்பி, தேளா?" அடுப்படியிலிருந்து குரல்.

"இல்லக்கா, வாங்க!"

"வழுக்கி விழுந்துட்டீங்களா?"

"இல்லக்கா, நீங்க உள்ள வாங்க!"

"குளிக்கிற எடத்துக்கு நான் எப்பிடி உள்ள வர?"

"துண்டு கட்டியிருக்கேன்க்கா!"

கதவைத் திறக்கப் போனால் தாழ்ப்பாள் நகரவில்லை. வருஷக்கணக்காக ஆவி குடித்து ஊதிப்போன கதவு. நான் உள்ளே இழுக்க, சத்தம் கேட்டு வந்த அண்ணாச்சி வெளியிலிருந்து தோளால் மோத, மூன்றாவது மோதலில் கதவும் அண்ணாச்சியும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். பின்னால் அக்கா.

ஈரத்துண்டும் சோப்பு நுரையுமாக நான் விரலைக் காட்டினேன். அக்கா கிட்டே போனார். பூவைத் தொடவில்லை. கணுவின் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இது நீங்க ஒட்டுனதா?"

"எங்க ஆத்தா மேல சத்தியமா இல்லக்கா."

அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி வெளியே போனார். திரும்பி வந்தபோது சட்டை போட்டிருந்தார், எல்லாப் பொத்தானும் மாட்டி, ஒரு பெரிய இடத்துக்கு வந்திருப்பவர் போல.

"எப்பம் கிளம்புத?" என்றார் அக்காவிடம்.

பிற்பாடு ஒரு பழைய தோட்டக்கலைப் புத்தகத்தில் காரணம் படித்தேன். குளிர்காலத்தில் அந்தச் செடிக்கு ஓய்வு வேண்டும். இலை உதிரும், உதிரட்டும். தண்ணீரை நிறுத்திக் குளிர் காற்றில் காயவிட்டால்தான் மொட்டு வைக்கும். அப்போதும் ஈரம் கொடுத்தால் பூ வரவேண்டிய கணுவில் குட்டி வரும். அக்காவின் அப்பாவுக்கு இது தெரியாமல் இருந்ததற்குக் குன்னூர்தான் காரணம். அங்கே குளிர் தானாக வரும், தானாகப் போகும். யாரும் செய்யாத வேலை என்பதால் அதை ஒரு வேலை என்று மகளுக்குச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

அண்ணாச்சி தானும் வருவதாகச் சொன்னார். பூவோடு போய் மைத்துனர் முன்னால் நிற்க வேண்டும் என்பது அவர் கனவு. என்ன பேச வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்துவைத்திருந்தார். அக்கா முதல் தடவையாக, நடுவில் கதவு எதுவும் இல்லாமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க வந்தா அங்கன செயிச்சது யாரு, தோத்தது யாருங்கிற பேச்சுத்தான் ஓடும். நான் எங்க அப்பாவப் பாக்கப் போறேன். தனியாப் போறேன்."

தெருவே வந்து எட்டிப் பார்த்தது. ஒரு பூத்தண்டை வெட்டி, ஈரப்பஞ்சில் சொருகி, டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். என்னிடம் ஒரே ஒரு அறிவுரை: "மிச்சத்த நீங்க தொட வேண்டாம்."

பதினைந்து நாள் கழித்துத் தபால் வந்தது. அஞ்சலட்டை. தபால்காரரும், பெட்டிக்கடைக்காரரும், வாங்கி வைத்த பக்கத்து வீட்டு அம்மாளும் படித்து முடித்த பிறகுதான் அண்ணாச்சி கைக்கு வந்தது. மாடி ஏறி வந்து என்னிடம் நீட்டினார்.

"அப்பாவுக்குப் பூவின் நிறம் தெரிந்தது. என்னையும் நன்றாகத் தெரிந்தது. நான் சுகம். செடி அடுத்த தடவை பூத்ததும் எழுதுங்கள். வருகிறேன்."

நான் இரண்டு தடவை படித்தேன். சிரிப்பு வந்தது. அண்ணாச்சியைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கடையில் எடை எழுதுகிற துண்டுத்தாளையும் பென்சிலையும் எடுத்தார்.

"தம்பி, போன மார்கழியில நீங்க அதுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி."

"மறைக்காதீங்க."

"சத்தியமா ஒண்ணும் செய்யல."

"சரி. அந்த ஒண்ணும் செய்யாதத எப்பிடிச் செஞ்சீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். தண்ணீர் ஊற்றவில்லை, எழுதினார். மூடவில்லை, எழுதினார். திரும்பிப் பார்க்கவில்லை, அதையும் எழுதி அடிக்கோடு போட்டார். வெளியே பங்குனி வெயில் கரிசலைப் பிளந்துகொண்டிருந்தது. மார்கழிக்கு இன்னும் ஒன்பது மாதம் கிடந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கதவு வரைக்கும் போனவர் நின்று, திரும்பி, அவ்வளவு பெரிய மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டார்:

"இந்த ஒண்ணும் செய்யாம இருக்கத, காலையில செய்யணுமா, சாயங்காலமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.